ஊற்றுக்கு இரண்டு சாவி

அத்தியாயம் பதினொன்று

சண்டை தொடங்கிப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. குழாயை வெட்டியது யார், முதல் குண்டைச் சுட்டது யார் என்று ஜரீன் ஊரில் ஒரு கதை, ஹதாபா ஊரில் வேறொரு கதை. நடந்தது இவ்வளவுதான். சபிர் மலையில் மேலே ஹதாபா, கீழே ஜரீன், நடுவில் ஸாலிபா ஊற்று. ஹதாபாக்காரர்கள் ஊற்றுத் தொட்டியில் டீசல் மோட்டாரை இறக்கி, தங்கள் காத் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆண்கள் மத்தியானமெல்லாம் கன்னத்தில் அடக்கி மெல்லுகிற அந்த இலைக்குத் தாகம் அதிகம். கீழே குடிதண்ணீர் சுருங்கியது. ஜரீன் இளைஞர்கள் போய்க் குழாயை வெட்டினார்கள். அதற்குப் பதிலாக வந்த குண்டு முக்பிலின் சித்தப்பா மகன் தொடையில் பாய்ந்தது.

முக்பில் ஜரீன்காரன், இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாத்தியார். ஊற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற அவன் பள்ளிக்கூடம் அன்றிலிருந்து பூட்டிக் கிடந்தது. அவன் மனைவி கபூல் ஹதாபாவில் பிறந்தவள். எதிர்ப்பக்கத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தலைவனாக நின்ற சர்ஹான், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

இத்தனை நாளில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முக்பிலும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை, வெயில் மலை உச்சியைத் தொட்ட நேரத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்டது. முக்பில் எழுந்து பார்த்தபோது மகன் ஹம்தானின் படுக்கை காலியாக இருந்தது. சுவர் ஆணியில் தொங்கும் துப்பாக்கியும் இல்லை.

கபூல் அடுப்படியில் இருந்தாள். தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். மஞ்சள் கேனிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் ஊற்றிலிருந்து திரும்பும் வரை இரண்டு பக்கமும் சுடுவதில்லை. யாரும் பேசி வைக்காத ஒழுங்கு அது.

ஹம்தான் எங்கே என்று கேட்டான்.

"மேல, கழுகுப் பாறைக்குப் போயிருக்கான். அதுக்கு நேர் எதிர்லதான் என் தம்பி படுத்திருக்கான்" என்றாள்.

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மாவை வழித்துப் போட்டாள். உள்ளே போய், பெருநாளைக்குக் கட்டுகிற சிவப்பு முக்காட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சந்தைக்குக் கிளம்புகிறவளைப் போல முற்றத்துச் செடியில் மணக்கும் ஒரு ரைஹான் தழையைக் கிள்ளிக் காதோரம் செருகினாள். எங்கே போகிறாய் என்று முக்பில் கேட்டதற்கு அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க சுவரோரமா வாங்க, ஹம்தான் வாப்பா. நான் நேர் வழியில போறேன்."

நேர் வழி என்பது திறந்த வயல் படிக்கட்டுகள். ஒரு மரம் கிடையாது, ஒரு பாறை கிடையாது. மலையின் இரு பக்கத்திலிருந்தும் பார்த்தால் அதில் நடக்கிற பூனைகூடத் தெரியும்.

முக்பில் கற்சுவரை ஒட்டி, முதுகை வளைத்துக்கொண்டு ஓடினான். அவ்வப்போது தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் நிமிர்ந்து நடந்தாள். அவசரம் இல்லை. வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பெண் நின்றிருந்தாள். கபூல் யாரையும் கூப்பிடவில்லை. அவள் கடந்து போன பிறகு அவர்களும் ஒவ்வொருவராக இறங்கி அவள் பின்னால் நடந்தார்கள்.

ஒரு குண்டு வந்து அவள் பக்கத்துக் கல்லில் அடித்தது. கல் சிதறியது. அவள் கன்னத்தில் மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு விழுந்ததை முக்பில் பார்த்தான்.  அவளோ கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊற்றுக்கு மேலே இருந்த கதிரடிக்கும் களத்தில் போய் நின்றாள். இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் அதுதான் சரி நடு.

அங்கே நின்று முக்காட்டை அவிழ்த்தாள். அவிழ்த்து, மண்ணில் எறிந்தாள்.

அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று முக்பில் கேள்விப்பட்டிருக்கிறான். சண்டைக்கு நடுவில் ஒரு பெண் தன் தலைத் துணியை எறிந்தால், அதன் பிறகு சுடுகிறவனுக்கு எந்த ஊரிலும் மதிப்பு கிடையாது, அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், அவன் ஜனாஸா அடக்கத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவன் வாப்பா சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்ததாக அவர்கூடச் சொன்னதில்லை.

இப்போது அவன் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாகத் தன் வீட்டுக்கு வெளியே எந்த ஆணும் பார்க்காத அந்தக் கூந்தல், பாதி நரைத்தது, வெயிலில் காற்றுக்குப் பறந்தது. பாறைகளுக்குப் பின்னால் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்குப் பின்னால் வந்த பெண்களும் தங்கள் முக்காடுகளை அவிழ்த்தார்கள். மேலே ஹதாபா பக்கத்திலிருந்தும் பெண்கள் இறங்கி வந்தார்கள். பச்சை, மஞ்சள், ஊதா என்று மண்ணில் துணிகள் விழுந்தன. 

"சர்ஹான்" என்று கூப்பிட்டாள் கபூல். சத்தம் போட்டுக் கத்தவில்லை. மலை அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது. "நான்தான்டா, உன் அக்கா. சுடணும்னா சொல்லிட்டுச் சுடு. நான் நின்னுக்கிறேன். ஹம்தான், உனக்கும்தான்."

 பிறகு கழுகுப் பாறையிலிருந்து ஹம்தான் எழுந்தான். துப்பாக்கியைப் படுக்கை வாட்டில் பாறைமேல் வைத்தான். சற்று நேரம் கழித்து, எதிரே சர்ஹானும் எழுந்தான்.

*

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஷேக் முர்ஷித் வந்து சேர்ந்தார். சுற்று வட்டாரத்தில் எந்த வழக்கையும் அவர்தான் தீர்ப்பார். வழக்கப்படி, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவோம் என்பதற்கு அடையாளமாக இரண்டு ஊராரும் தங்கள் துப்பாக்கிகளையெல்லாம் கொண்டுவந்து அவர் முன்னால் அடுக்கினார்கள்.

இரண்டு ஊருக்கும் பொதுவான இடம் பள்ளிக்கூடம்தான். முக்பில் பூட்டைத் திறந்தான். தாடி வைத்த பெரிய மனிதர்கள் முழங்கால் இடிக்கக் குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண்கள் காப்பித் தோல் கஷாயமும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்துவிட்டு வெளியே போய்விடுவது வழக்கம். எல்லோரும் போனார்கள். கபூல் தட்டை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.



"அக்கா, காலையில நீ செஞ்சது பெரிய காரியம். இல்லேங்கல" என்றான் சர்ஹான். அவள் கன்னத்தைப் பார்க்காமல் பேசினான். "உன் வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போ."

அவள் அசையவில்லை. அங்கிருந்த அத்தனை முகங்களும் முக்பில் பக்கம் திரும்பின. சொல்லு, உன் பெண்டாட்டிதானே, என்பது போல.

முக்பில் சாதுவான மனிதன். கூட்டத்தில் கடைசியாகப் பேசுவான், அதையும் பாதியில் விழுங்கிவிடுவான்.  ஆனால் களத்தில் முக்காடில்லாமல் நின்ற அந்தத் தலை அவன் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றான். "உக்காந்திருக்கறது அவ. கேக்கறதை அவகிட்டக் கேளுங்க."

ஒருவரும் கேட்கவில்லை. ஷேக் முர்ஷித் அவளை ஒரு தரம் பார்த்தார், பிறகு வழக்கை எடுத்தார். அவள் அங்கேயே இருந்தாள்.

ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்றுதான் முதலில் கேட்டார். தெரிந்தால்தானே பங்கு வைக்க முடியும். ஹதாபாக்காரர்கள், வற்றவே வற்றாத ஊற்று, பத்து ஊருக்குப் போதும் என்றார்கள். ஜரீன்காரர்கள், மோட்டார் வந்த பிறகு ஊற்றே செத்துவிட்டது என்றார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் அடக்கினார். ஷேக்குக்கு எரிச்சல் வந்துவிட்டது. நாற்பது ஆண்கள் இருக்கிறீர்கள், ஒருவருக்கும் உங்கள் தண்ணீர் தெரியாதா என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"விடியக்காலையில சுபுஹுக்கு முன்னால ஒரு கேன் நிறையறதுக்குள்ள பத்து தடவை ஃபாத்திஹா சூரா ஓதி முடிச்சிரலாம், ஷேக்கே. வெயில் ஏறினா பதினஞ்சு. சாயங்காலம் அஸருக்குப் பிறகு இருபத்தஞ்சு. மோட்டார் ஓடினா மறுநாள் விடியக்காலையிலேயே முப்பது."

தன் புருஷன் ஊருக்குச் சாதகமாகக் கட்டிச் சொல்கிறாள் என்றான் சர்ஹான். அப்படியா என்று ஷேக் தாடியைத் தடவிக்கொண்டார். ஹதாபாவில் தினமும் தண்ணீர் எடுக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். வெளியே, பேச்சுக் கேட்காத தூரத்தில் நின்ற பெண்களில் முன்னால் நின்றவள் வர்தா. சர்ஹானின் மனைவி. அவன் முகம் கறுத்தது. ஆனால் ஷேக் அழைத்தது அழைத்ததுதான்.

சைகை எதுவும் காட்டாமல் இருக்க, ஷேக் கபூலைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் கரும்பலகையைப் பார்த்து, பாடம் மறந்த மாணவி போல நின்றாள்.

வர்தாவிடம் அதே கேள்வி. வர்தா கதவருகே நின்று, தரையைப் பார்த்துச் சொன்னாள். விடியலில் பத்து. வெயில் ஏறினால் பதினைந்து. மோட்டார் ஓடினால் மறுநாள் முப்பது. அஸருக்குப் பிறகு மட்டும் இருபத்து மூன்று என்றாள்.

இருபத்தைந்து இல்லையா என்று ஷேக் கேட்டார்.

"அது மதினி கணக்கு. சாயங்காலம் வீட்டு அவசரத்துல அவங்க வேகமா ஓதுவாங்க" என்றாள் வர்தா. "நான் அப்பவும் நிறுத்தி ஓதுவேன்."

பதின்மூன்று நாளில் முதல் தடவையாக அந்த மலையில் ஆண்கள் சிரித்தார்கள். ஷேக்கும் சிரித்தார். ஆனால் உடனே நெற்றியைச் சுருக்கினார். உன் மதினி எப்படி ஓதுவாள் என்று உனக்கு எப்படித் தெரியும், நீங்கள்தான் சண்டைக்காரர்கள் ஆயிற்றே என்றார்.

வர்தா கபூலைப் பார்த்தாள். கபூல் கரும்பலகையை விட்டுத் திரும்பினாள்.

"பதிமூணு நாளும் நாங்க ஒண்ணாத்தான் தண்ணி எடுத்தோம். ரெண்டு ஊர்ப் பொம்பளைங்களும். மேலூரு ஒருநாள் முதல்ல, கீழூரு ஒருநாள் முதல்ல. புள்ளை பெத்தவ, நோயாளி இருக்கற வீடு, இவங்க என்னிக்கும் முதல்ல. குண்டு பட்டுக் கெடக்கறவர் வீட்டுக்கு ஹதாபா பொம்பளைங்கதான் கேன் நிரப்பிக் குடுத்தாங்க. நீங்க சண்டை போட்டுட்டிருந்தீங்க. நாங்க பங்கு வச்சு முடிச்சுட்டோம்."



முக்பில் வாயைத் திறந்தபடி இருந்தான். இந்தப் பதின்மூன்று நாளும் காலையில் அவன் கைக்கு டீ வந்தது. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யச் செம்பில் தண்ணீர் இருந்தது. சண்டையைப் பற்றி எவ்வளவோ பேசினான், எவ்வளவோ கவலைப்பட்டான். அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒரு நாளும் அவனுக்குத் தோன்றவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் வீட்டிலிருந்து கிளம்பிப் போன ஒருத்தி, இரண்டு ஊர்களின் சமாதானத்தைத் தலையில் சுமந்து கொண்டுவந்து அடுப்படியில் இறக்கி வைத்திருக்கிறாள். சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவன், திடீரென்று ஒரு நாள் நிமிர்ந்து அதன் உயரத்தைப் பார்ப்பது போல இருந்தது அவனுக்கு.

அதன் பிறகு பேச்சு வேறு விதமாகப் போனது. விடியலிலிருந்து வெயில் ஏறும் வரை குடிதண்ணீர் மட்டும், இரண்டு ஊருக்கும். அந்த நேரத்தில் மோட்டார் கூடாது. மீதி நேரம் வயல்களுக்கு, ஊருக்கு ஒரு நாளாக மாறி மாறி. இதையெல்லாம் கபூல் சொல்லச் சொல்ல ஷேக் தலையாட்டினார். அவள் அதோடு நிறுத்தவில்லை. தொட்டியின் இரும்பு மூடிக்கு இரண்டு பூட்டு போட வேண்டும் என்றாள். ஒரு சாவி ஜரீனில் ஒரு பெண்ணிடம், ஒரு சாவி ஹதாபாவில் ஒரு பெண்ணிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் தொட்டி திறக்கும். சாவி வைத்திருக்கிறவர்களின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இங்கேதான் சலசலப்பு எழுந்தது. முப்பது வருடமாக ஒப்பந்தம் எழுதி வருகிறேன், ஒரு பெண்ணின் பெயர் அதில் ஏறியதில்லை என்றார் ஷேக். கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார்.

"முப்பது வருஷத்துல எத்தனை எழுதுனீங்க, ஷேக்கே?" என்று கேட்டாள் கபூல். "அதுல எத்தனை நின்னுச்சு?"

 கிழவரின் பார்வை அவள் கன்னத்தில் உலர்ந்திருந்த ரத்தத்தில் போய் நின்றது. பிறகு காகிதத்தை மடியிலிருந்து எடுத்து முக்பில் பக்கம் தள்ளினார். உன் கையெழுத்து நன்றாக இருக்கும், நீ எழுது என்றார்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களை எழுதிய கை அது. மனைவியின் பெயரை அவன் நாலு பேர் முன்னால் சொன்னதுகூட இல்லை. ஹம்தானின் உம்மா, எங்கள் வீட்டில், இப்படித்தான் சொல்வான். எல்லா ஆண்களும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது எழுதினான். கபூல் பின்த் அஹ்மத், அஹ்மதின் மகள் கபூல். வர்தா பின்த் ஹஸன். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னார் ஷேக். முக்பில் எழுந்து நின்று படித்தான். மனைவியின் பெயர் வந்த இடத்தில் அவன் குரல் தழுதழுத்தது. அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

கபூலும் வர்தாவும் பெருவிரலை மையில் அழுத்தி ஒற்றினார்கள். ஷேக்கின் முத்திரைக்குப் பக்கத்தில், அதே அளவில், இரண்டு ரேகைகள். கடைசியாக சர்ஹான் வந்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

*

அந்தி மஃரிப் தொழுகை முடிந்து வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அதற்குள் தொட்டி மூடியில் பூட்டுகள் மாட்டி, சாவிகளை ஷேக் இரண்டு பெண்களிடமும் கொடுத்திருந்தார். துப்பாக்கிகள் எல்லாம் ஷேக்கிடம் இருந்ததால் சுவர் ஆணி வெறுமையாக இருந்தது. முக்பில் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். கபூல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் வெந்நீர் வைத்ததை அவள் அதிசயமாகப் பார்த்தாள்.

ஹம்தான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தலையைத் தூக்காமல் கேட்டான்.

"உம்மா, அந்தக் கல்லுல பட்டது என் குண்டா, மாமா குண்டா?"

கபூல் துணியைப் பிழிந்து வைத்தாள்.

"அதைக் கேக்காத" என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சது என்னோட இருக்கட்டும். யார்னு சொன்னா அவன் இனிமே தூங்கமாட்டான்."

ஹம்தானின் கண்கள் நிறைந்தன. எழுந்து வந்து உம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். இருபத்தொரு வயதுக்காரன். அவள் அவன் தலையில் கை வைத்தாள். முக்பில் தள்ளி நின்று அந்தக் கையைப் பார்த்தான். காலையில் களத்தில் பார்த்ததைவிட இது பெரிதா, அது பெரிதா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

முக்பில் போய்த் திறந்தான். வாசலில் வர்தா நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் ஒரு துணி மூட்டை. மலைப்பாதையில் ஓடி வந்திருக்க வேண்டும், ஒரு செருப்பு இல்லை.

கபூல் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"சாவியத் திருப்பிக் குடு, இல்லைன்னா வீட்டை விட்டு வெளிய போன்னு சொல்லிட்டாரு, மதினி" என்றாள் வர்தா. மூச்சு வாங்கியது. அழவில்லை.

"நீ என்ன சொன்னே?"

வர்தா மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் புதுச் சாவி, வியர்வையில் மின்னியது.

 சண்டைக்காரன் மனைவி எதிரி வீட்டுக் கூரைக்கு அடியில் வந்தால் அது அவன் மானத்துக்கு இழுக்கு, மறுபடி சண்டைக்குக் காரணம் என்று அங்கே நின்ற நால்வருக்கும் தெரியும். மத்தியானம் காய்ந்த மை அதைத் தாங்குமா என்பதுதான் தெரியாது. அவளைத் திருப்பி அனுப்பினால், விடிந்ததும் இரண்டு பூட்டில் ஒன்று திறக்காது.

முக்பில் மலையைப் பார்த்தான். ஹதாபா வீடுகளுக்குக் கீழே, பாதையில், நாலைந்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன.

கபூலும் அவற்றைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, வர்தாவின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வா" என்றாள். "விடியக்காலையில தண்ணிக்குப் போகணும்."